பங்காளி கொடுத்த ரத்தம்

ஒரே கூட்டத்தில் பிறந்தவர்களுக்கு ரத்தம் ஒன்றுதானே என்று மதன்குமார் சொன்னபோது சபரீஷ் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. எதிரில் இருக்கிறவன் சிரித்தால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற ஆள் மதன்.

கவுண்டர் வீடுகளில் ஒரு கூட்டத்துக்காரர்கள், அதாவது ஒரே குலத்துக்காரர்கள், எல்லாரும் அண்ணன் தம்பிகள். அதற்குள் பெண் எடுக்கமாட்டார்கள், ரத்தம் ஒன்று என்பார்கள். கல்யாணத்துக்குச் சொல்கிற பேச்சு அது. ஆஸ்பத்திரி ஊசிக்குச் சொல்கிற பேச்சா? ஆனால் பயந்தவனுக்கு எந்தப் பேச்சும் உதவும், கேட்கிறவன் வாயைத் திறக்க முடியாத இடத்தில் இருந்தால் இன்னும் வசதி. மதன், சபரீஷின் பெரியப்பா பாலுசாமியின் ஒரே மகன். கிணத்துக்கடவுப் பக்கம் அவர்களுக்குத் தேங்காய் நார் மில் இருக்கிறது. அந்த மில்லில்தான் சபரீஷ் ஆட்களை மேய்க்கிறான். அவன் மனைவி மோகனப்பிரியா முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம் ஆகாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி வைத்ததால், ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இன்னும் பதியவில்லை. இந்த நேரத்தில் பெரியப்பா மகனைப் பகைத்துக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு எங்கே போய் நிற்பது?

சங்கதி இதுதான். மதனுக்கு நிச்சயம் முடிந்து மண்டபமும் பேசியாயிற்று. பெண் நந்திதா, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் காபி குடிக்கும்போது, "ஜாதகம் பாத்தாச்சு. எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ரெண்டு பேரும் எடுத்துக்கலாங்க. நான் எடுத்துட்டேன்" என்று தன் ரிப்போர்ட்டைப் போனில் காட்டினாள். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை, பால் வாங்கி வரச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது, காசு இல்லை, ரகசியம் வெளியே போகாது என்று வழியும் சொன்னாள்.

மதன் மூன்று முறை பாங்காக் போய் வந்தவன். எதற்குப் போனான் என்பது கூடப் போன நண்பர்களுக்குத் தெரியும், சபரீஷுக்கும் தெரியும்.

"ஊசியப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருதுங்ணா" என்றான் மதன். "நீங்க சுத்தமான ஆளு. என்ர பேரச் சொல்லி ரத்தங் குடுத்துப்போட்டு வாங்க. இல்லைன்னு ஒரு பேப்பர் வந்தாப் போதும்."

"அந்தப் புள்ளய ஏமாத்தறதாகாதா மதனு?"

"கல்யாணம் முடிஞ்சதும் நானே போயி எடுத்துக்கறேன். சத்தியமாங்ணா."

சத்தியமாம்! சபரீஷ் அதை நம்பவில்லை. நம்பாமலேயே போனான்.

காலையில் மதனின் காரில் வந்தார்கள். உக்கடம் பெரிய குளத்தின் கரையில் காரை நிறுத்திக்கொண்டு மதன் உட்கார்ந்துவிட்டான். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோ பிடித்து சபரீஷ் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் வெங்கடலட்சுமி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தொட்ட அம்மாள். அடையாள அட்டை கேட்பாரோ என்று பயந்துகொண்டே போனான். அவர் பேரையும் போன் நம்பரையும்தான் கேட்டார். மதன்குமார் என்றான். மதனின் நம்பரையே சொன்னான்.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசலாங்களா? நீங்க சம்மதிச்சாத்தான் எடுப்போம். இங்க சொல்றது எதுவும் இந்தக் கதவைத் தாண்டாதுங்க."

வந்து ஊசி போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தவனுக்கு இது புதுசு. அவர் கேள்வி கேட்டார். கூச்சமில்லாமல், குற்றம் சொல்லாமல், மளிகைக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டார். யாரோடு, எப்போது, ஆணுறை இருந்ததா. சபரீஷ் மதனாகவே மாறிப் பதில் சொன்னான். பாங்காக் என்றான். கல்யாணம் ஆகவில்லை என்றான். பொய் இவ்வளவு சுலபமாக வருவது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதுக்கு முன்னாடி ஏதாவது இருக்குங்களா?"

"இல்லீங்க" என்றான் சட்டென்று.

அந்த இடத்தில்தான் அவனுக்குத் தன் பழைய கதை நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்க்கிணறு போடும் வேலைக்கு சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தான். மாதக்கணக்கில் ஊர் கிடையாது, வீடு கிடையாது. வண்டி ஆட்கள் கூப்பிட்ட இடத்துக்கு இவனும் போனான். ஒரு சில தடவை. பிறகு ஊருக்கு வந்து கல்யாணம், மில் வேலை என்று ஆனபின் அதை அவன் நினைத்ததே இல்லை. அந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்து விடாமல் அடித்தது, மலேரியா என்று மாத்திரை விழுங்கினான். அவ்வளவுதான். அவன் ஒன்றும் பாங்காக் போனவன் இல்லையே. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கையை நீட்டினான்.

"ஒரு டெஸ்ட் கிட்டுல வந்தா அத வெச்சு முடிவு சொல்லமாட்டோம்" என்றார் வெங்கடலட்சுமி. "மூணு விதமான கிட்டுல பாப்போம். மூணுலயும் வந்தாத்தான் இருக்குதுன்னு சொல்லுவோம். வெளிய உக்காருங்க, கூப்படறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். அவனுக்குப் பிறகு வந்த ஒருவர் உள்ளே போய், பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொருவரும் போய்விட்டார். மதனிடமிருந்து 'ஆச்சுங்களா' என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. லேப் ஆள் ஒருமுறை கதவைத் திறந்து வெங்கடலட்சுமியைக் கூப்பிட்டார். அவர் போனார், திரும்பி வந்தார், பெஞ்சில் இருந்தவனைப் பார்க்காமல் தன் அறைக்குள் போனார். சபரீஷ் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"மதன்குமார், மூணு டெஸ்ட்டுலயும் வந்திருக்குங்க. உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குது."

கேட்டால் நம்பமாட்டீர்கள், முதலில் அவன் மதனுக்காகத்தான் வருத்தப்பட்டான். அட பாவமே, மதனுக்கு இப்படி ஆகிவிட்டதே, பெரியப்பா இதைத் தாங்குவாரா, கல்யாணம் நின்றுபோகுமே என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். பிறகுதான் கண் முழங்கைக்குப் போனது. அங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. அது அவன் கை.

வெங்கடலட்சுமி பேசிக்கொண்டிருந்தார். இதோடு வாழ்க்கை முடிவதில்லை, மாத்திரையைத் தினமும் தவறாமல் போட்டால் ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாம் என்றார். கட்டிக்கொள்ளப்போகிற பெண் யாராவது இருந்தால் அவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு சொல்லும் அவன் காதில் தங்கவில்லை. பிரியா வாசலில் உட்கார்ந்து நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருப்பாள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

குளத்துக் கரையில் காருக்குள் ஏறி உட்கார்ந்து பேப்பரை நீட்டினான். மதன் படித்தான்.

"என்ர பேர்ல வந்திருக்குது" என்றான்.

"ரத்தம் என்னுது மதனு."

மதன் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் கதவுப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தான். ஒதுங்கியது அவனுக்கே தெரிந்திருக்காது. சபரீஷுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள் இருவரும்.

"இதக் கிழிச்சுப்போடலாங்ணா" என்றான் மதன். "உங்க பேரு எங்கயும் இல்ல. நீங்க இங்க வரவே இல்ல. ஊட்டுக்குப் போங்க, எப்பவும்போல இருங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க என்ர சங்கதியப் பேசாதீங்க, நானும் உங்க சங்கதியப் பேசமாட்டேன்." குளத்தைப் பார்த்துக்கொண்டே, "மில்லுக்குக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாங்ணா. சம்பளம் வந்துரும்" என்றான்.

பேசிய பேச்சு மோசம்தான். ஆனால் அது சபரீஷுக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உன் பேர் எங்கேயும் இல்லை. அப்படியே பஸ் ஏறினால், பிரியாவுக்கு ஒன்றும் தெரியாது, ஊருக்கு ஒன்றும் தெரியாது. வேறொருத்தன் பேரில் வந்த நோய் வேறொருத்தனோடு போகட்டும். காரை விட்டு இறங்கி உக்கடம் பஸ் நிலையம் வரை அதே நினைப்போடுதான் நடந்தான். பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும்விட்டான்.

போன் அடித்தது. பிரியா.

"ஏனுங்க, அடுத்த வாரம் நர்சம்மா வாராங்களாமா. பேரு பதியறப்ப ரத்தமெல்லாம் எடுப்பாங்களாம். அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன், இனி மறைக்க முடியாதுன்னு. நீங்க எப்ப வாரீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. ரத்தம் எடுப்பார்கள். அவள் தனியாக, எதுவும் தெரியாமல், யாரோ ஒரு நர்சின் வாயிலிருந்து அதைக் கேட்பாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவன் முகத்தைப் பார்ப்பாள்.

"நீ கெளம்பி உக்கடம் வந்துரு கண்ணு" என்றான். "இப்பவே."

"எதுக்குங்க?"

"வா. நேர்ல சொல்றேன்."

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனான். வெங்கடலட்சுமி முன்னால் நின்று, "மேடம், நான் மதன்குமார் இல்லீங்க. என்ர பேரு சபரீஷ். கல்யாணம் ஆயிருச்சு, சம்சாரம் மாசமா இருக்குது" என்று எல்லாவற்றையும் கொட்டினான். அந்த அம்மாள் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவன் பேரில் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு இருந்தாலும் கொழந்தைக்கு வராமப் பாத்துக்க வழி இருக்குதுங்க. ஆனா மறைச்சு வெச்சா இல்ல."

உக்கடத்துக்குத் திரும்பி வந்து காத்திருந்தான். பிரியா வந்து இறங்கியதும் பஸ் நிலையத்து ஓரத்தில், பூக்காரம்மா கடைக்குப் பின்னால் நிறுத்திச் சொன்னான். சத்தீஸ்கரையும் சொன்னான். அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தான். இரண்டும் நடக்கவில்லை. ஆட்டோ எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

நம்பிக்கை மையத்து வாசலில், அவனும் உள்ளே நுழையப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வெளியவே இருங்க. என்ர ரத்தத்த நானே குடுத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அதே பெஞ்சில் உட்கார்ந்தான். அப்போது மதன் போனில் கூப்பிட்டான்.

"ஆள் கெடச்சாச்சுங்ணா. நம்ம லாரி டிரைவரு. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்கு."

"மதனு, நந்திதா நம்பரு எங்கிட்ட இருக்குது. நிச்சயத்தன்னைக்குக் குடுத்துச்சு. நீயே போயி ரத்தங் குடு. இல்லைனா நான் பேசுவேன்."

"உங்க சங்கதியும் வெளிய வருமுங்ணா."

"வரட்டும்."

போனை வைத்தான். வேலை போயிற்று, ஊரில் தலைகாட்ட முடியாது, அதெல்லாம் நாளைக்கு. இப்போது அந்தக் கதவு மட்டும்தான் இருந்தது. லேப் ஆள் வந்து வெங்கடலட்சுமியைக் கூப்பிட்டார். அவர் போனார், வந்தார். இந்த முறையும் அவனைப் பார்க்கவில்லை.

கடைசியில் பிரியாதான் கதவைத் திறந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"இல்லைன்னு வந்திருக்குதுங்க" என்றாள்.

அவ்வளவுதான், சபரீஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். அவள் அவனைத் தொடவில்லை. அழுகை அடங்கும்வரை நின்று பார்த்தாள்.

"அழுவாதீங்க. இது இன்னிக்கு வரைக்குந்தானாம். புதுசா ஒட்டியிருந்தா ரத்தத்துல தெரியறதுக்கு மூணு மாசங்கூட ஆகுமாம். மறுபடியும் வரச் சொன்னாங்க, அதுக்கப்பறமும் வரச் சொன்னாங்க, பொறக்கற வரைக்கும்."

புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"போன வாரங்கூட ஒண்ணாத்தானுங்க இருந்தோம்" என்றாள்.