துடைத்த இடம்

விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியாகக் கொட்டும். அதில் துணியை நனைத்து முறுக்கிப் பிழிந்தால், மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போகும். பினாயில் நெடி மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும் கூடவே உட்காரும். அந்தப் பெண்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குனிந்தார்கள், தேய்த்தார்கள், பின்னால் நகர்ந்தார்கள், மறுபடி தேய்த்தார்கள்.

அவர்கள் துடைத்துக்கொண்டிருந்தது நாட்டின் சமூக நல அமைச்சகத்தின் முன்மண்டபம். ஏழைகள், முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் கதி அந்தக் கட்டடம்தான். அதைத் துடைப்பவர்களுக்கு மட்டும் அங்கே ஒரு விதி உண்டு. முதல் அதிகாரி முன்வாசலில் கால் வைக்கும்போது கடைசித் துப்புரவுக்காரி பின்வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். தரை பளபளக்க வேண்டும், பளபளக்க வைத்தவள் கண்ணில் படக் கூடாது. அந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லித் தரும் பாடம் அது.

கூட்டத்தில் மூத்தவளை எல்லோரும் 'சந்தேகம்' என்று கூப்பிட்டார்கள். புதிய சோப்புத்தூள் மூட்டை வந்தால் முகர்ந்து பார்ப்பாள். காண்ட்ராக்டர் சிரித்தால், "எதுக்குச் சிரிக்கிறான்?" என்பாள். பேருந்தில் யாரோ எழுந்து இடம் கொடுத்தபோது, உட்காருமுன் இருக்கையைத் தடவிப் பார்த்தாள் என்று, அதே கூட்டத்தில் 'வாயாடி' என்று பேரெடுத்தவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அது கட்டுக்கதை இல்லை, நடந்ததுதான்.

அமைச்சகத்தின் ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்காக மண்டபத்துச் சுவரில் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். போர் முடிந்த வருடம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் அகதிகள். அப்போது இந்த அமைச்சகத்துக்குப் பெயர் நிவாரணத் துறை. அடுத்த படத்தில் இதே கட்டடத்தின் படிக்கட்டு நிறையத் தொழிலாளர்கள். தொழிற்சாலை ஒன்று எரிந்து ஆட்கள் கருகிய பிறகு அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள், எழுந்திருக்க மறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தனியாக ஓர் அமைச்சர் வந்தார். ஆனால் படத்துக்கு அடியில், 'அரசின் கருணை உள்ளம் திறந்த நாள்' என்று பொறித்திருந்தார்கள். நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லிஃப்ட்காரர் அந்தக் கட்டடத்திலேயே நரைத்தவர். நிரந்தர ஊழியர், சீருடையும் ஓய்வூதியமும் உள்ளவர். அவர் சொல்வார்: "ஒவ்வொரு ஆட்சியும் வந்து வாசல்ல பேர்ப்பலகையை மாத்தும். நிவாரணம்னாங்க, தொழிலாளர் நலம்னாங்க, அப்புறம் தொழிலாளரைக் கழட்டி நகரத்தோட அந்தக் கோடிக்கு அனுப்பிட்டு நலத்தை மட்டும் இங்க வச்சுக்கிட்டாங்க. பலகைதான் மாறுது, சுவத்துல ஆணி ஓட்டை அப்படியே இருக்கு."

அந்தப் புகைப்படங்களின் கண்ணாடியைத் துடைக்கத்தான் சந்தேகத்தின் நாத்தனார் ஏணியில் ஏறினாள். உயரத்தில் வேலை என்றால் அவள்தான். முன்பெல்லாம் ஓர் ஏணிக்கு இரண்டு பேர். ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி பிடிப்பாள். புதிய ஒப்பந்தத்தில் காண்ட்ராக்டர் ஆட்களைக் குறைத்தார். "ஏணியைப் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டார். பிடித்துக்கொண்டிருந்தவள் வீட்டுக்குப் போனாள்.

சோப்பு நுரை காயாத தரை. ஏணியின் கால் வழுக்கியது. "அண்ணி!" என்று ஒரே ஒரு கத்தல்தான்.

இடுப்பு உடைந்த சத்தத்தைச் சந்தேகம் காதால் கேட்டாள். தலையிலிருந்து ரத்தம் கசிந்து பளிங்கில் பரவியது. தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காயத்தை இறுகக் கட்டினாள். குப்பை மூட்டைகளைத் தள்ளிப்போகும் சக்கர வண்டியில் நாத்தனாரைக் கிடத்தினார்கள். வாயாடியும் இன்னும் இரண்டு பேரும் பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "நீ ஒருத்தியாவது இருந்து முடி, இல்லேன்னா எல்லாருக்கும் சீட்டு கிழிஞ்சிடும்" என்று வாயாடி சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் ஓசை கேட்கத் தொடங்கியது. சந்தேகம் குனிந்தாள். துணியை நனைத்தாள், பிழிந்தாள், தேய்த்தாள். பளிங்குக் கற்களின் இடுக்கில் இறங்கியிருந்ததைக்கூட விரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஏணியை மடக்கிக் கிடங்கில் வைத்தாள். வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அழுதுகொண்டே பின்வாசலைத் தாண்டினாள். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், தன் கை என்ன செய்கிறது என்பதை மட்டும் அன்றைக்குச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் காண்ட்ராக்டர் பின்வாசலில் காத்திருந்தார்.

"உன் நாத்தனார் வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாளாமே. பாவம். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொல்லியிருக்கு."

"யாரு சொன்னது? அவ இங்கதான் விழுந்தா. மண்டபத்துல, ஏணியிலருந்து."

"எந்த ஏணி? ஏணி கிடங்குல இருக்கு. நேத்து காலையில நானே மண்டபத்தைப் பாத்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல. ரத்தம் எங்கம்மா? யாரு பாத்தா?"

"நாங்க எல்லாரும் பாத்தோம்!"

"நீங்க எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. வேற யாராவது பாத்திருந்தா சொல்லு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே அந்தச் சோற்றைப் பிசைந்து மூடியதே தன் கைதான் என்று சந்தேகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வேலையில் விழுந்தவள் என்றால் அறுவை சிகிச்சையும் குணமாகும்வரை பிழைப்பும் காண்ட்ராக்டர் தலையில் விழும். வீட்டில் விழுந்தவள் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. நாத்தனார் இனி நடப்பாளா, படுத்தே கிடப்பாளா என்பது அவள் எங்கே விழுந்தாள் என்ற ஒரு பேச்சில் நின்றது.

அன்றைக்கே மேல்மாடியிலிருந்து அழைப்பு வந்தது. துணைச் செயலாளர் அம்மா எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். கோப்பையில் தேநீர் வந்தது. சந்தேகம் தேநீரையும் பார்த்தாள், அந்த அம்மாளின் முகத்தையும் பார்த்தாள், இரண்டையும் நம்பவில்லை.

"கேள்விப்பட்டதும் மனசே சரியில்லம்மா. இந்த அமைச்சகமே உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் உண்டாச்சு. விழாவுல உங்கள்ல ஒருத்தரை மேடையேத்தி கௌரவிக்கணும்னு நெனச்சோம். நீங்களே வாங்களேன்."

"என் நாத்தனார் உங்க மண்டபத்துல விழுந்தாம்மா. அதை மட்டும் சொல்லிடுங்க. மேடை வேணாம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஒப்பந்த ஆளுங்க. எங்க ஊழியர் கணக்குல வர மாட்டீங்க. விபத்துன்னா அது தொழிலாளர் துறை."

"அங்க போனா?"

"அங்க... இது அரசுக் கட்டடம், எங்களுக்கு வராதும்பாங்க. அது ஒரு பழைய சிக்கல். துறையைப் பிரிச்சப்போ சில பேர் நடுவுல விட்டுப்போயிட்டாங்க. விழா முடியட்டும், நான் பாத்துக்கறேன். அதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் பேச வேணாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சந்தேகம் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அறைவாசலில் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். அடுத்து உள்ளே போக வேண்டியவர் அவர்தான் போலும். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

செய்தி வாளிக்கு வாளி பரவியது. விஷயத்தை மேலே கொண்டுபோனவர் அவர்தான் என்றாள் ஒருத்தி. நிரந்தர ஊழியன் நம்மாள் ஆவானா என்றாள் இன்னொருத்தி. "நமக்கு வணக்கம் சொல்லும்போதே நெனச்சேன்" என்றாள் வாயாடி. அதற்குப் பிறகு அவர் வந்தால் பேச்சு நின்றது. துடைப்பங்களின் சத்தம் மட்டும் கேட்டது. யாரை நம்புவது என்று தெரியாதபோது ஒருவரை ஒருவர்கூட ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். காண்ட்ராக்டர் யாரைத் தனியாகக் கூப்பிட்டார், யாருக்கு லேசான வேலை கொடுத்தார் என்பதெல்லாம் கணக்கில் ஏறியது. காண்ட்ராக்டருக்கு வேண்டியதும் அதுதானே.

சில நாள் கழித்து, ஒரு விடியலில் சந்தேகம் நேராக லிஃப்டுக்குள் போய் நின்றாள்.

"நீங்கதானே போட்டுக் குடுத்தது?"

அவர் கதவைச் சாத்தவில்லை. பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"போட்டுக் குடுக்கலம்மா. அதைவிடக் கேவலமா ஒண்ணு பண்ணினேன். அன்னிக்கு லிஃப்டைச் சோதிச்சுப் பாக்க வந்திருந்தேன். உன் நாத்தனார் விழுந்ததைக் கதவுக் கம்பி வழியா பாத்தேன். நமக்கு எதுக்கு வம்புன்னு கதவைச் சாத்திட்டு மேல போயிட்டேன். இப்ப அந்த அம்மா கூப்பிட்டு, அன்னிக்கு நீங்க தாமதமாத்தானே வந்தீங்கன்னு கேக்கறாங்க. ஓய்வு பெறப் போற நேரம், யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"யோசிக்கறேன்னேன்." பிறகு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ ஏம்மா துடைச்சே?"

அவளுக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. "பயம்தான். வேற என்ன?" என்றாள். "நீங்க கதவைச் சாத்தினீங்க, நான் துடைச்சேன். ரெண்டு பேருமா சேந்து அவளை வீட்டுக் குளியலறையில தள்ளிட்டோம்."

அவரை அவள் நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை. ஆனால் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே தனித்தனியாகப் பின்வாசல் வழியாகப் போவதால்தான் காண்ட்ராக்டர் பிழைக்கிறார் என்பது அவளுக்கு வெட்ட வெளிச்சமானது. அதைக் கிடங்கில் எல்லோரையும் கூட்டிச் சொன்னாள்.

"நாளைக்கு வேலையை முடிப்போம். ஆனா போக வேணாம்."

"போகாம?"

"நிப்போம். நம்மளை யாரும் பாத்ததே இல்ல. பாக்கட்டும்."

"வேலை போயிடுமே அக்கா" என்றாள் ஒருத்தி, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். யாரும் அவளைக் கோழை என்று சொல்லவில்லை. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. "போனாலும் போகும்" என்றாள் சந்தேகம். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு அவ, நாளைக்கு ஏணியில ஏறப்போறது நீ. பிடிக்க ஆள் இல்ல."

வாயாடிதான் முதலில் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் மண்டபம் கண்ணாடியாக இருந்தது. அந்தப் பெண்கள் முன்வாசலுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். நனைந்த சேலை முழங்காலில் ஒட்டியது. கையில் வாளியும் துடைப்பமும். கதவு திறந்தது. முதலில் வந்த அதிகாரி நின்றுவிட்டார். "யாருய்யா இவங்கல்லாம்?" என்று காவலாளியிடம் கேட்டார். அத்தனை வருடம் அவர் நடந்த தரைக்குச் சொந்தக்காரிகள் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

காண்ட்ராக்டர் ஓடிவந்தார். "நேரம் ஆச்சு! பின்வாசல் எங்க இருக்குன்னு தெரியாதா?"

"மறந்துபோச்சு" என்றாள் சந்தேகம். "எங்க ஆளு இங்க விழுந்ததை நீங்களும் மறந்துட்டீங்க இல்ல? உங்களுக்கு ஞாபகம் வந்தா எங்களுக்கும் வரும்."

"எல்லாரையும் இப்பவே நிறுத்திடுவேன். புது ஆளு எடுப்பேன்!"

"எடுங்க. அவங்களுக்கும் ஏணியைக் காட்டி நடந்ததைச் சொல்லிட்டுத்தான் போவோம்."

துணைச் செயலாளர் அம்மா படியிறங்கி வந்தார். குரலில் அன்றைய தேன் இல்லை. "விழா நேரத்துல இது என்னம்மா நாடகம்? விழுந்ததைப் பாத்தவங்க யாராவது இருந்தா முறைப்படி வரட்டும்."

லிஃப்டின் கம்பிக் கதவு கிறீச்சிட்டது. லிஃப்ட்காரர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் பாத்தேம்மா. அன்னிக்கு நான் தாமதமா வரல." அவர் போய் வரிசையின் கடைசியில் நின்றார். லிஃப்ட் காலியாகத் திறந்து கிடந்தது. மேல்மாடியிலிருந்து யாரோ மணியை அழுத்தினார்கள், மறுபடி அழுத்தினார்கள்.

வாசலில் அதற்குள் எழுத்தர்களும் தட்டச்சர்களும் சேர்ந்துவிட்டார்கள். சிலர் பெண்களைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் விரைந்தார்கள். சிலர் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். யாரும் எதற்கும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காண்ட்ராக்டர் தொலைபேசியைத் தேடிப் போனார். அது போலீசுக்காகவும் இருக்கலாம்.

கூட்டத்திலிருந்து ஒரு தட்டச்சுக்காரி கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "எந்த இடத்துலங்க விழுந்தாங்க?" என்று கேட்டாள்.

சந்தேகம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். யார் அனுப்பி வந்திருக்கிறாள்? எதற்காகக் கேட்கிறாள்? அந்த முகத்தில் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

"இங்கதாம்மா" என்று காட்டினாள். "ரத்தம் இந்தக் கல்லு வரைக்கும் வந்துச்சு. நான்தான் துடைச்சேன்." எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னாள்.

தட்டச்சுக்காரி பளபளத்த அந்தப் பளிங்கைப் பார்த்தாள். பிறகு காலைப் பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தை மிதிக்காமல், பெண்களின் பக்கம் வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள்.