ஸ்கேனில் தெரியாதது

அக்கா செத்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவள் மகளுக்கு நான் முன்பும் சித்தி, இப்போதும் சித்தி. மாற்றிக் கூப்பிடும் சிரமம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. நானும் அவரை இன்னும் அத்தான் என்றே கூப்பிடுகிறேன். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சமையலறையில் யாரோ திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

சட்டைக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று கம்பெனிக்கு ஒரு நர்ஸ் வந்திருந்தாள். முப்பது தாண்டியவர்களையெல்லாம் சூப்பர்வைசரம்மா கோழி பிடிப்பதுபோல் பிடித்து முதலுதவி அறைக்கு அனுப்பினாள்.

திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு விளக்கு. நர்ஸ் பொறுமைசாலி.

"கர்ப்பப்பை வாயில புற்றுநோய் வராம முன்கூட்டியே பாக்க ரெண்டு டெஸ்ட் இருக்கும்மா. செல்லு மாறியிருக்கான்னு பாக்கறது பேப் டெஸ்ட். அப்படி மாத்தற வைரஸ் உடம்புல இருக்கான்னு பாக்கறது எச்பிவி டெஸ்ட். எது எடுக்கலாம்?"

"அந்த வைரஸ் எப்படி வரும்?"

"புருஷன் பொண்டாட்டி சேர்க்கையில வர்றதுதான். நிறையப் பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குச் சத்தமில்லாம வருஷக்கணக்காத் தங்கிடும்."

அக்காவைக் கொண்டுபோனதும் இதே புற்றுதான்; அந்த வைரஸ் அத்தான் வழியாக எனக்கும் வந்திருக்குமோ? அவள் புடவையைக் கட்டுகிறேன், அவள் கட்டிலில் படுக்கிறேன். அது போதாதென்று என் உடம்புக்குள்ளும் குடியிருக்கிறாளா? இருந்தால் அதை நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

"செல்லு டெஸ்ட்டே போதும்" என்றேன். "இல்லன்னா ஒரு ஸ்கேன் எடுத்துட்டா ஆகாதா? எங்கக்கா எடுத்தா. ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "வயித்து ஸ்கேன்ல இது ஆரம்பத்துல தெரியாதும்மா. அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தது கண்ணில் நின்றது. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, இனிக் குண்டுக்கல்லாட்டம் இருப்பேன் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அப்புறம் இடையிடையே ரத்தம் பட்டபோதுகூட, "அதான் ஸ்கேன் பாத்தாச்சே" என்று துணியை அலசிக் காயப்போட்டாள். உள்ளே திருப்பிப் பார்க்காமலே பாஸ் போட்டு அனுப்பிவிட்டார்கள் அவளை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

திரைத்துணி லேசாக அசைந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

"வைரஸ் டெஸ்ட்டே எடுத்துடுங்க" என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

"நடுவுல படுங்கம்மா. எதுக்கு அவ்வளவு ஓரமாப் போறீங்க?"

"அவளுக்கும் இடம் வேணும் சிஸ்டர். ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துடுங்க."