கழுவிவிட்ட படை

பால்கனிக் கதவைத் திறந்தாள் கமாண்டர். விரித்த துண்டின்மேல் அவளுடைய படை முழுவதும் ஈரம் சொட்ட வரிசையாக நின்றது. தண்ணீர் லாரி, குப்பை லாரி, பஸ், ரோடு ரோலர் எல்லாமே பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுச் சேறு இல்லை, துரு இல்லை.

கமாண்டர் என்பது கணவன் வைத்த பட்டப்பெயர். பிழைப்புக்கு அவள் செய்வது பல்செட்டு. பகலெல்லாம் யார் யார் வாய்க்கோ பல் வரிசை கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் மேசைப் போருக்குப் படை கட்டுவாள். உள்ளங்கை அளவு வண்டிகளை மேசைமேல் நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு அது. விளையாடுகிறவர்கள் எல்லாம் கழுதை வயசானவர்கள்தான். மற்றவர்கள் பெட்டியில் வருகிற டாங்கிகளை ஒட்டி வர்ணமடித்துக் கொண்டுவருவார்கள். இவளுக்கு அது சப்பென்றிருந்தது. ராணுவமே கைவிட்டு ஓடிய ஒரு ஊர், கையில் கிடைத்த நகராட்சி வண்டிகளை வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறது என்று ஒரு கதையை யோசித்தாள். பொம்மைக்கடைக் குப்பை லாரிக்கு டாங்கியின் சங்கிலிச் சக்கரத்தை மாட்டினாள். பஸ்ஸின் ஜன்னல்களைத் தகரத் துண்டால் அடைத்தாள். தண்ணீர் லாரியின் தலையில், பல்செட்டுக்கான பிசினிலேயே பீரங்கி வார்த்து வைத்தாள். கடைசியில் செங்கல் பொடியும் பிளாஸ்டர் தூளும் குழைத்து, சக்கர இடுக்குகளில் எல்லாம் சேறும் துருவும் பூசினாள். அந்தச் சேறுதான் படைக்கே உயிர் என்று நினைத்திருந்தாள். அது கரையாமலிருக்க மேலே வார்னிஷ் அடிப்பது மட்டும் பாக்கி. நாளைக்குப் போட்டி.

"பார்த்தியாம்மா, எப்படி ஆயிடுச்சுன்னு!" என்றபடி பின்னாலேயே வந்தார் மாமனார். முழங்கை வரை ஈரம். "எவ்வளவு அழுக்கு! மனசு கேக்கல. சும்மா உக்காந்து சாப்பிடுறேனே, இதையாவது செய்வோம்னு."

அவர் பஸ் டிப்போவில் வண்டி கழுவும் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகக் குடியிருந்த வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைக்கும்வரை தரையிலேயே கிடந்தவர். மகன் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்திருந்தான். வந்தவரோ விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஃபேன் போடலாமா என்று கேட்டார். கொஞ்சம் நல்லாயிட்டா கிளம்பிடுவேன் என்பதைத் தினமும் ஒருமுறை சொன்னார். மறுபடி விழுந்தால் யார் வந்து கதவை உடைப்பார்கள் என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. அந்த மனிதரின் முகம் இந்த வீட்டில் முதன்முதலாக இன்றுதான் மலர்ந்திருக்கிறது.

"ரொம்ப நல்லாருக்கு மாமா," என்றாள்.

காரியத்தைக் கெடுத்தவன் கணவன். வேலையிலிருந்து வந்தவன் பால்கனியை எட்டிப் பார்த்து, "ஐயையோ! சேறெல்லாம் எங்க? மாசக்கணக்கா உக்காந்து பூசினாளே!" என்று கத்திவிட்டான்.

மாமனார் மகனைப் பார்த்தார். வண்டிகளைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் காலைல கிளம்புறேன்டா. பஸ் ஏத்தி விடு," என்றார்.

அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியே அறியாத கமாண்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "கிளம்புவீங்களா? செய்யறதையும் செஞ்சுட்டு நழுவப் பார்க்கறீங்களா மாமா? ஊர்க்காரங்க தங்க லாரியையும் பஸ்ஸையும் ஓட்டிச் சண்டைக்குப் போற கதை அது, சேறில்லாம எப்படி? என் உழைப்பெல்லாம் சாக்கடையில போயாச்சு. ஒழுங்கா உக்காந்து எங்கூட சேறு பூசுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. எல்லாம் முடிந்தது, மனிதர் இனி ஒரு நிமிஷம் இருக்கமாட்டார்.

மாமனார் நிமிர்ந்தார். "சேறா? நானா? தலைகீழா நின்னாலும் நடக்காது!" டிப்போவில் ஆட்களை அதட்டிய குரல் அது. "எந்தக் கேணையன் வண்டியைச் சேத்தோட ரோட்டுக்கு விடுவான்? சண்டைக்கே போகட்டும்மா. ஊர்க்காரன் வண்டிதானே? கழுவித் துடைச்சுத்தான் அனுப்புவான். நீ சொல்ற கதையே தப்பு, போ!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் திட்டத் திட்ட, பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, அப்பாடா என்றிருந்தது. விருந்தாளி இப்படியெல்லாம் சண்டை போடமாட்டார்.

மறுநாள் போட்டி மண்டபத்தில் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்ற தாடிக்காரர், சேறும் புகைக்கரியும் அப்பிய டாங்கிகளை அடுக்கினார். கமாண்டரின் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, வண்டியைக் கழுவுற பழக்கமே கிடையாதா? எங்க வீட்டு வண்டிகளைப் பாருங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கமாண்டர் யாரையும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பாள். அளவு நாடாவை நீட்டிப் பிடித்து, தண்ணீர் லாரியைத் தொட்டுத் தள்ளினாள். விளக்கொளியில் மின்னிக்கொண்டு அது எதிரியை நோக்கிக் கிளம்பியது.