தடம் போட்டவள்

கூட்டனே மலையில் முழங்காலளவு புதுப்பனி விழுந்திருந்தது. மூன்று மணி நேரமாக மார்னிதான் காலில் மாட்டிய ஸ்கீ பலகைகளால் அதை மிதித்துத் தடம் போட்டு ஏறினாள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்ட ட்ரெவர், அந்தத் தடத்திலேயே சொகுசாகப் பின்னால் வந்தான். "இப்ப உன் முறை, முன்னாடி வா" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவன் காதில் வாங்கவே இல்லை.

உச்சியில் பனி உறுதியாக இருக்கிறதா என்று அவள் ஷவலால் குழி தோண்டிப் பார்த்தாள். அடியில் சர்க்கரை மாதிரி உதிரிப்பனி. லேசாகத் தட்டியதும் மேலடுக்கு அப்படியே வழுக்கி விழுந்தது.

"இந்தப் பக்கம் வேணாம், சரிஞ்சிடும். மரத்துக்குள்ள போய் இறங்கலாம்."

"குழி தோண்டியே காலத்த ஓட்டு! பயந்தாங்கொள்ளி."

தடம் போட்டவருக்குத்தான் முதல் இறக்கம் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த மரியாதையும் இல்லாமல் அவளை முந்திக்கொண்டு பாய்ந்தான். நான்காவது திருப்பத்தில் சரிவு முழுதும் விரிசல் விட்டு அவனை வாரிக்கொண்டு போனது.

பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க இருவரும் மார்பில் சிக்னல் கருவி கட்டியிருந்தார்கள். மார்னி தன்னுடையதைத் தேடலுக்கு மாற்றி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினாள். சிக்னல் வலுத்த இடத்தில் ஒரு கையுறை நீட்டிக்கொண்டிருந்தது. வெறிபிடித்தவள்போலத் தோண்டினாள். முகம் வந்தது, பிறகு இடுப்பு, கால்கள்.

இருமி, துப்பி, மூச்சு வாங்கியதும் ட்ரெவர் கேட்டான்: "என் ஸ்கீ எங்க?"

மார்னி ஷவலை அவன் மடியில் எறிந்தாள்.

"இப்ப உன் முறை. தோண்டு."