முப்பதாவது நோன்பு

கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுக்க இழுக்கப் பத்திரிகைகள் வந்துகொண்டேயிருந்தன. மய்யித்தைக் குளிப்பாட்டக் கொண்டுபோக வழி வேண்டும். அறையிலோ கால் வைக்க இடமில்லை. றஷீதா ஒரு கட்டை வாரியெடுத்துக் கூடத்து மூலையில் போட்டாள். மேலே கிடந்த இதழின் அட்டையில் நிலா. அடுத்ததிலும் நிலா.

"மவுத்தாகியும் மனிசர நிம்மதியா ஈக்க விடுறாரில்ல," என்று முணுமுணுத்தாள்.

அவளுடைய அண்ணன், வாஹித் நானாவுக்குக் காலை எட்டு மணிக்கு மூச்சு அடங்கியிருந்தது. நாற்பத்தாறு வயது. கல்யாணம் கட்டவில்லை. பதுளைக் கடைவீதியில் பீங்கான் கடை, பின்னறையில் இழுப்பு நோயும் கவிதையும், அவ்வளவுதான் அவருடைய உலகம். பின்னேர அஸர் தொழுகைக்கு ஜனாஸாவைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். மய்யித்துக்குச் சுற்றும் கபன் துணி வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. அதற்குள் வீடு நிறைந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் செல்வரத்தினம் மாஸ்டர் வந்து நின்றார். யாழ்ப்பாணத்து மனிதர். பண்டாரவளையில் படிப்பிக்கிறார். நானாவோடு சேர்ந்து கவிதைப் பத்திரிகை நடத்தியவர். அழுது கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, நான் ரெண்டு நிமிஷம் பேசட்டோ? அவரின்ரை நிலாக் கவிதையிலை ஒண்டை வாசிச்சால்..."

"மாஸ்டர், இது இரங்கல் கூட்டமில்ல, மய்யித்து வீடு. கவிதையெல்லாம் வாசிக்க ஏலாது."

"ஓம், ஓம், விளங்குது. எண்டாலும் புதுக்கவிதையிலை நிலாவை அவரளவுக்கு ஒருத்தரும்..."

"அந்த நிலாவாலதான் மாஸ்டர் இவ்வளவும். அந்தக் கதிரையில இருங்க."

உண்மையில் நிலாவால்தான். எட்டு வருஷத்துக்கு முன், மனிதன் நிலாவில் போய் இறங்கி ஒரு வருஷம் கழிந்திருந்த நேரம், தேயிலைத் தோட்டத்துச் சனம் அரை வயிற்றோடு கிடக்கும்போது நிலாவைப் பாடி யாருக்கு லாபம் என்று யாரோ ஒரு பத்திரிகையில் கேட்டுவிட்டார்கள். நானாவுக்குப் பொறுக்கவில்லை. நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினார். 'நிலா வானத்தில் இல்லை, நம் கற்பனையில் இருக்கிறது. எவருடைய சப்பாத்துக் காலுக்கும் அது எட்டாது' என்று அதில் ஒரு வரி. எழுதியதோடு விட்டாரா? அந்த இதழைக் கொண்டுபோய்ப் பள்ளித் தலைவர் மஹ்ரூப் ஹாஜியாரிடமே கொடுத்து, வாசித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லச் சொன்னார்.

அந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த மாலையில் பதுளைக்கு மேலே ஒரே மழை மேகம். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. பள்ளி முற்றத்தில் பிறை பார்க்க நின்றவர்கள் ஒன்றும் காணாமல் கலைந்துவிட்டார்கள். றஷீதா பின்வாசலில் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். "அங்க பாரு," என்றார் நானா. ஹாலிஎலப் பக்கத்து மலைக்கு மேலே மேகம் ஒரு முழம் விலகியிருந்தது. அதற்குள், வெட்டிப் போட்ட நகத்துண்டு போலப் பிறை. இருபது வரை எண்ணியிருக்கலாம். பிறகு மூடிக்கொண்டது.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். ஹாஜியார் அந்த இதழை எடுத்துவரச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அந்த வரியை நிறுத்தி வாசித்தார். "நிலா வானத்துல இல்லண்டு அச்சடிச்சவரு, இப்ப வானத்துல கண்டாராம்!" பள்ளியே சிரித்தது. கூட ஆர் கண்டது என்று ஒருவர் கேட்டதற்கு, "நான் மட்டும்தான்," என்றாராம் நானா.

ஏன் அப்படிச் சொன்னார் என்று றஷீதாவுக்குத் தெரியும். பெருநாள் கழிந்து பத்தாம் நாள் அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை லத்தீப், அதே ஹாஜியாரின் மகன். அவள் பெயர் அந்தச் சிரிப்புக்குள் விழுந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்காது.

மறுநாள் ஊரெல்லாம் முப்பதாவது நோன்பு. கண்ணால் பிறை கண்டவருக்கு அன்று பெருநாள். நோன்பு பிடிக்கக் கூடாது. நானா குசினியில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "நான் நோன்பு," என்றாள் றஷீதா. அவர் அந்தக் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இரண்டையும் தானே குடித்தார்.

அதன்பிறகு வருஷம் தவறாமல் நோன்பு முடிகிற நேரம் கேட்பார். "றஷீதா, அண்டைக்கு நாங்க கண்டதுதானே?" முதலில் உறுதியாகக் கேட்டவர், போகப் போகத் தயங்கித் தயங்கிக் கேட்கத் தொடங்கினார். ஊர் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஞாபகமில்ல நானா," என்பாள். மாமனார் கேட்கும் தூரத்தில் இருந்தாலும் அதே பதில், இல்லாவிட்டாலும் அதே பதில்.

இன்று காலையும் கேட்டார். நோன்பு மாதம்கூட இல்லை. "விடிஞ்சும் விடியாம பிறையா? கஞ்சியக் குடிங்க," என்று எரிந்து விழுந்தாள். பாதி குடித்தார். மீதிக் கஞ்சி இன்னும் கோப்பையில்தான் இருந்தது. அதைக் கழுவ அவளுக்குக் கை வரவில்லை.

மூன்றரை மணிக்கு மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால். மஹ்ரூப் ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"மவுத்தானவரால ஆருக்கும் மனத்தாங்கல் ஈந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்ட மனிதர் இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இன்னொன்றையும் சேர்த்தார். "அந்தப் பிறை விசயத்துல பள்ளிக்கு வந்து பொய் சொன்னதையும் நாங்க மன்னிச்சிட்டோம்."

"ஆமீன்," என்றது முற்றம்.

றஷீதாவுக்குத் தலைக்கு ஏறியது. ஹாஜியார் மேல் கோபமா, ஆமீன் சொன்னவர்கள் மேலா, 'நான் மட்டும்தான்' என்று சொல்லிவிட்டு எட்டு வருஷமாய் அவளையே சுற்றிச் சுற்றிக் கேட்ட மனிதர் மேலா? எல்லோரையும்விடத் தன் மேல்தான் அவளுக்கு ஆத்திரம். திரையை விலக்கினாள்.

"நானா பொய் சொல்லல்ல மாமா. நானும் கண்டேன்."

முற்றத்துத் தலைகளெல்லாம் திரைப்பக்கம் திரும்பின.

"பக்கத்துல நின்டு கண்டேன். கண்டுட்டுத்தான் முப்பதாவது நோன்பையும் பிடிச்சேன்."

சந்தூக்கின் காலில் கை வைத்திருந்த லத்தீப் நிமிர்ந்து பார்த்தான். "றஷீதா, உள்ள போ."

ஹாஜியார் தலையை ஆட்டினார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "பாவம் புள்ள. கவலையில என்னத்தையோ நெனச்சிக்கிட்டுப் பேசுது. ம், தூக்குங்க."

கலிமாச் சத்தத்தோடு சந்தூக்கு படியிறங்கிப் போனது. சொன்னதை ஒருவரும் நம்பாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று றஷீதாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. நானா எட்டு வருஷம் இப்படி நின்றிருக்கிறார்.

பொழுது சாய்கிற நேரம் மாஸ்டர் அடக்கத்துக்கு மையவாடி வரை போய்த் திரும்பி, பத்திரிகைக் கட்டுகளை எடுத்துப்போக வந்தார். றஷீதா பின்வாசல் குழாயடியில் அந்தக் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கட்டைச் சுமந்தபடி தயங்கி நின்றார்.

"தங்கச்சி, எந்தப் பக்கம் கண்டனீங்கள்?"

வேறு நாளாயிருந்தால் வள்ளென்று விழுந்திருப்பாள். ஈரக் கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தா, அந்த மலை. தண்ணித் தாங்கிக்குக் கொஞ்சம் வலப்பக்கம். இருபது எண்ணுறதுக்குள்ள மூடிட்டு."

அங்கே மேகம்தான் கனத்துக் கிடந்தது. மாஸ்டர் கட்டைக் கீழே வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வடிவாத் தெரிஞ்சதோ?"

"நல்லாத் தெரிஞ்சிச்சி."

அவள் குசினிக்குள் போனாள். கழுவிய கோப்பையிலும் இன்னொன்றிலும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றை மாஸ்டரிடம் கொடுத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆறுவதற்கு முன்னால் குடித்து முடித்தாள்.