தண்ணீர் ஒட்டாத கரி

தட்டில் பரப்பிய கரித்தூளின்மேல் செல்லியம்மாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு உருளவில்லை. அப்படியே பரந்து தூளுக்குள் இறங்கிவிட்டது. கொட்டகைக்கு வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"இன்னும் புடிக்கலீங்க மேஸ்திரி," என்றாள்.

மேஸ்திரி துரைக்கண்ணு செங்கத்து ஆள். வாயைத் திறந்தால் வசவு, மூடினால் வெற்றிலை. "நேத்தெல்லாம் காத்து வுட்டு இன்னாத்துக்குடி புடிக்கல?" என்று தட்டை எட்டி உதைத்தான். தூள் அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. துடைத்தால் அதற்கும் ஒரு வசவு விழும்.

அடிவாரத்து ஊர்க்காரர்கள் நெடி தாங்காமல் விரட்டிய தொழிற்சாலை அது. எண்பத்து மூன்றில் ஜவ்வாது மலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பென்சில் கரி போன்ற வழவழப்பான தூளை இரும்பு உலையில் போட்டுப் பூட்டி, சூடேற்றி, உருளையிலிருந்து மஞ்சள் காற்றை உள்ளே விட வேண்டும். அந்தக் காற்று பட்டால் கரிக்குப் புதுத்தோல் வந்துவிடும். கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். அதன்பின் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல் உருண்டு ஓடிவிடும். பட்டணத்தில் பேட்டரிக்குப் போடுகிறார்களாம். காற்று கரியை என்ன செய்யும் என்று விளக்கியவர்கள், கையை என்ன செய்யும் என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

தூளை மறுபடி உலையில் போட்டார்கள். உலைக்காரன் கருப்பன் செல்லியம்மாளின் புருஷன். நெல்லிவாசல் பக்கம் சாமை விதைத்துக்கொண்டிருந்தவன். மழை பொய்த்த பிறகு பெண்டாட்டியோடு இங்கே வந்தான். மத்தியானத்துக்கு மேல் உலை ஆறியது. மூடியைத் திறக்குமுன் வேறொரு காற்றை விட்டு உள்ளேயிருக்கும் மஞ்சள் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த உருளை காலியாகக் கிடந்தது.

"கீழேர்ந்து வேற உருளை வரட்டுங்க. அப்பால தொறக்கலாம்," என்றான் கருப்பன்.

"லாரி நிக்குது. தொறடா."

"உள்ள காத்து கீதுங்க. உசிரு போய்டும்."

துரைக்கண்ணு பளாரென்று அறைந்தான். கருப்பன் தடுமாறி விழ, இடுப்பில் ஓர் உதையும் விட்டான். "தொறக்கலன்னா புருஷனும் பொண்டாட்டியும் இப்பவே மலையெறங்கி நடங்க!"

நடந்து எங்கே போவது? கருப்பன் எழுந்து திருகைப் பிடித்தான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். உலையில் நுழைந்தது.

மூடி விரல்கடை விலகியதும் சீறிக்கொண்டு வந்தது காற்று. அவனுடைய பழைய தோல் கையுறை புகைந்து பொசுங்கியது. அதை உதறிவிட்டுப் பின்னால் விழுந்தான். விரல்கள் வெளிறியிருந்தன, அவ்வளவுதான். "பெரிசா ஒண்ணுமில்ல புள்ள," என்று சிரிக்கக்கூடச் செய்தான்.

சுட்ட புண்ணில் தண்ணீர் பட்டால் கொப்புளம் பழுத்துவிடும் என்பது மலைக்காரர் நம்பிக்கை. செல்லியம்மாள் குடிசைக்கு ஓடி மலைத்தேன் எடுத்து வந்து, விரல் தெரியாமல் வழிய வழியப் பூசித் துணியைச் சுற்றினாள். சரக்கு தேறிவிட்டது. லாரியும் போய்விட்டது.

பொழுது சாயும் நேரத்தில் கருப்பன் அலற ஆரம்பித்தான். "எலும்பைக் கடிக்குது, எலும்பைக் கடிக்குது!" கையைத் தூணில் ஓங்கி ஓங்கி அடித்தான். செல்லியம்மாள் துணியைப் பிரித்தாள். தேனுக்கடியில் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அவனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். அங்கே சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட கண்ணாடிப் பெட்டி மாட்டியிருந்தது.

"மேஸ்திரி, அதுல இந்தக் காத்துக்குன்னே மருந்து கீதாமே. குடுங்க சாமி."

"அது பெரிய ஆபீசருங்க வந்தா காட்டறதுக்கு. ஒடைக்கக் கூடாது."

"அப்ப ஜீப்புல ஆஸ்பத்திரிக்காவது..."

"டீசல் இல்ல." துரைக்கண்ணு வெற்றிலையைத் துப்பினான். "உடனே தண்ணில கழுவி இருக்கணும். தேன வச்சு மூடினது யாரு? அவன் கையத் தின்னது நீதான்டி."

கழுவு என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது சொல்லியிருந்தால்! செல்லியம்மாள் வாசலில் சாத்தியிருந்த உலை கிளறும் இரும்புக் கம்பியைத் தூக்கினாள். முதல் அடி துரைக்கண்ணுவின் மண்டையில் விழுந்தது. இரண்டாவது அடியில் பெட்டி நொறுங்கியது. கண்ணாடி கிழித்த கையோடு மருந்துக் குழாயை எடுத்தாள். மூடியைத் திருகுமுன், சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். குழாய் தரையில் விழுந்தது. அவன் பூட்ஸ் அதன்மேல் ஏறி, வெள்ளை மருந்து சிமெண்டில் பிதுங்கிச் சிதறியது.

டீசல் இல்லாத ஜீப் ஒரே முடுக்கில் கிளம்பியது. மேஸ்திரிக்கு ஆஸ்பத்திரி, அவளுக்குப் போலீஸ் ஸ்டேஷன். முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துரைக்கண்ணு. பின்னால் கயிற்றால் கைகட்டிய செல்லியம்மாளும் வாட்ச்மேனும். அவர்களுக்கு எதிரே இருந்த பலகை முழுக்கக் காலி.

"அவனையும் ஏத்துங்கடா!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

ஆபீஸின் திறந்த கதவு வழியாக அவளுக்குப் புருஷன் தெரிந்தான். மண்டியிட்டு, இடது கையால் தரையிலிருந்த மருந்தைக் கரித்தூளோடும் கண்ணாடித் துண்டோடும் வழித்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல தேனக் கழுவுய்யா! கழுவு!"

ஜீப் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. வழித்ததை அவன் தேனின்மேலேயே அப்பிக்கொண்டிருந்தான்.