ஆறாவது காது

மனநல ஆலோசனை மையத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் இடது காதைக் கழற்றி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் ஆள் மாறும்போது, ஆலோசனைக்கு வருகிறவர்கள் தங்கள் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பாவம், அந்தத் தொல்லை தீரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. காது இங்கேயே இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்று வருடத்தில் ஆலோசகர்கள் ஐந்து பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். பஞ்சு பரப்பிய பிஸ்கட் டப்பாவில் ஐந்து காதுகள் இருந்தன. வருகிறவர் முன்பு யாரிடம் பேசினாரோ அவருடைய காதை மாட்டிக்கொண்டு உட்காருவாள். சங்கரவடிவு வந்தால் மட்டும் ஐந்தையும் மாட்ட வேண்டும். கிணற்றுக்குக் குளிக்கப் போன மகன் திரும்பாத காலையை அந்த அம்மாள் ஐந்து பேரிடமும் சொல்லியிருந்தாள், முடிக்கத்தான் இல்லை. மகன் துண்டை எடுத்துத் தோளில் போடுகிற இடம் வரும்போதெல்லாம் யாராவது ராஜினாமா செய்துவிடுவார்கள்.

மங்கையர்க்கரசிக்கும் மனசு விட்டுப்போயிற்று. வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஏதாவது சொன்னால், "மீதியை அடுத்த வாரம் பேசுவோமா?" என்று கேட்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா? அவளும் கடிதம் கொடுத்தாள்.

"நீங்களும் போயிட்டா இதையெல்லாம் யாரு மாட்டுறது?" என்றார் நிர்வாகி.

"தெரியல சார்."

அவர் டப்பாவை நீட்டினார். ஆறாவது காதைப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து சங்கரவடிவு உள்ளே வந்தாள்.

"நீயும் போறியாம்மா?"

மங்கையர்க்கரசி வலது காதைக் காட்டித் திரும்பி நின்றாள். "போறேம்மா. என்னால முடியல."

"அப்ப நானும் இன்னையோட நின்னுக்கிறேன்."

"நிக்கிறதுன்னா முறைப்படி நிக்கணும்" என்று நிர்வாகி காகிதத்தை எடுத்தார். சங்கரவடிவு கைநாட்டு வைத்தாள். பிறகு வாயைக் கழற்றிக் காதுகளுக்கு நடுவே வைத்தாள். இரண்டு உதடும் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, நிர்வாகி ரசீது கொடுத்தார்.

இருவரும் படியிறங்கும்போது வாய் டப்பாவுக்குள் பேசத் தொடங்கியிருந்தது. நிர்வாகி மூடியை அழுத்தி மூடினார்.

பஸ் வந்தது. இருவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்தாள்.

"அந்தம்மா எங்க இறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

சங்கரவடிவு எந்த ஊர் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.